சிங்கப்பூரில் மலை சைக்கிள்: பழகுபவருக்கு எந்தப் பாதை, பழகியவருக்கு எந்தப் பாதை?

யீஷூன்காரன்

வணக்கம். மூன்று பேருக்காகக் கேட்கிறேன். எனக்கு 44 வயது. பூங்கா இணைப்புப் பாதைகளில் சைக்கிள் ஓட்டிப் பழக்கம் உண்டு, காட்டுப் பாதையில் இறங்கியதில்லை. மகளுக்கு 12. நன்றாகவே ஓட்டுவாள், ஆனால் சரிவைக் கண்டதும் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். தம்பி தேசிய சேவை முடித்து வந்தவன். மூச்சுக்கும் காலுக்கும் குறையில்லை, பயமும் கிடையாது. மூவரிடமும் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் சைக்கிள்தான்.

சைக்கிள் வாங்கிய இடத்தில் "நேரா புக்கிட் தீமா மலைப் பாதைக்குப் போங்க" என்றார்கள். இணையத்தில் தேடினால் ஒருவர் அதைச் சுலபம் என்கிறார், இன்னொருவர் தோளில் கட்டுப் போட்ட படத்தைப் பகிர்ந்திருக்கிறார். மூன்று பேரும் சேர்ந்து போகிற மாதிரி இடம் இருக்கிறதா, இல்லை ஆளுக்கொரு பாதைதானா?

செம்மண் சக்கரம்

சேர்ந்தே போகலாம். ஆனால் புக்கிட் தீமாவில் தொடங்க வேண்டாம், செஸ்நட் இயற்கைப் பூங்காவில் தொடங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

மலை சைக்கிள் பாதைகளில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று குறிகள் பார்ப்பீர்கள். பனிச்சறுக்குச் சரிவுகளில் இருந்த குறிகளை எடுத்து, அவற்றுக்குச் சைக்கிளுக்கான அளவுகளை வகுத்தது இம்பா என்கிற சர்வதேச மலை சைக்கிள் சங்கம். பாதை எவ்வளவு நீளம் என்பதை வைத்து இந்தக் குறிகள் போடப்படுவதில்லை. பாதையின் அகலம், சரிவு, தரை எவ்வளவு உறுதியானது, கட்டாயம் தாண்டியாக வேண்டிய தடை எவ்வளவு உயரம், இவைதான் கணக்கு. பச்சை என்றால் பாதை 90 சென்டிமீட்டராவது அகலம் இருக்கும், ஏறித் தாண்ட வேண்டிய கல்லோ வேரோ 5 சென்டிமீட்டருக்கு மேல் போகாது. நீலத்தில் அகலம் 60, தடை 20 வரை. கறுப்பில் அகலம் 30, தடை 38 வரை. இரட்டைக் கறுப்பில் அகலம் 15 சென்டிமீட்டராகக்கூட இருக்கலாம், தடை 38-ஐத் தாண்டும்.

சுற்றிப் போக வழியிருக்கிற பாறை எவ்வளவு பெரிதானாலும் பாதையின் தரம் மாறாது. சுற்ற வழியில்லாத ஒரே ஒரு படிக்கட்டுப் பாறை இருந்தால் போதும், நீலம் கறுப்பாகிவிடும். 7 கிலோமீட்டரில் 6.9 கிலோமீட்டர் சுலபம் என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் மகள் விழப்போவது மீதி 100 மீட்டரில். அதனால் பாதையைத் தேர்வு செய்யும்போது அதிலுள்ள மிகக் கடினமான இடம் எது, அங்கே இறங்கிக்கொள்ள வசதி இருக்கிறதா என்று இரண்டு கேள்வி கேட்டாலே போதும். இணையத்தில் நீங்கள் பார்த்த முரண்பாடு முழுக்க இந்தக் கேள்விகளைக் கேட்காததால் வருவதுதான்.

இப்போது செஸ்நட். 81 ஹெக்டேர். தெற்குப் பகுதியை 2015-லும் வடக்குப் பகுதியை 2016-லும் திறந்தார்கள். சைக்கிளுக்கு 8.2 கிலோமீட்டர், நடப்பவர்களுக்கு 5.6 கிலோமீட்டர், இரண்டும் தனித்தனி. இந்தத் தனிப்பாதைதான் புதியவர்களுக்குப் பெரிய வரம். வளைவைத் தாண்டினால் எதிரே ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு வருவாரோ என்கிற பயம் இல்லாமல், கண்ணை முழுக்கத் தரையில் வைத்துப் பழகலாம்.

வடக்குப் பகுதியில் பம்ப் டிராக் இருக்கிறது. வரிசையாகச் சின்னச் சின்ன மண் மேடுகள். பெடல் போடாமல், மேட்டில் ஏறும்போது கை காலைத் தளர்த்தி, இறங்கும்போது அழுத்தி, அந்த உந்துதலிலேயே சுற்றி வர வேண்டும். பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி தெரியும். உடம்பை எங்கே வைத்தால் சைக்கிள் கேட்கும் என்பதை இதைவிட வேகமாகச் சொல்லிக்கொடுக்கிற இடம் நம் ஊரில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. தம்பியையும் அங்கே இறக்கிவிடுங்கள். காலில் பலம் உள்ளவர்கள் எல்லாவற்றையும் பெடலால் தீர்க்கப் பார்ப்பார்கள், பம்ப் டிராக்கில் அது செல்லாது.

அப்புறம் தெற்கு வளையம். சிறியது, களைத்தால் சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். அது மூவருக்கும் கைவந்த பிறகு வடக்கு. அங்கே ஏற்றங்கள் கூட, அடுத்தடுத்த வளைவுகளோடு இறக்கங்களும் கூட. அதை எங்கும் கால் ஊன்றாமல் முடிக்க முடிகிற நாளில் புக்கிட் தீமா பற்றி யோசிக்கலாம்.

மேடேறி

செம்மண் சக்கரம் சொல்வதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புக்கிட் தீமாவை ஒரேயடியாகத் தள்ளிவைப்பது சரியாகப் படவில்லை. செஸ்நட் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் மலை சைக்கிள் பழகிய முக்கால்வாசிப் பேர் பழகியது அங்கேதான். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினார்கள், அவ்வளவுதான். இறங்கித் தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பாதைக்கென்று ஒரு குணம் இருக்கிறது. ஏறத்தாழ 7 கிலோமீட்டர், மலையைச் சுற்றி, பழைய ஹிந்தேட் கல்குவாரி பக்கம் தொடங்கி டெய்ரி ஃபார்ம் வரை போய் வருகிறது. மலையின் உயரம் 163 மீட்டர் சொச்சம்தான், ஆனால் பாதை தொடர்ந்து ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பதால் தொடை நடுங்கிவிடும். அடியில் கருங்கல், மேலே களிமண், நடுவில் வேர். மூன்றையும் ஒரே பாதையில் கற்றுக்கொள்ள வேறு எங்கே போவது? காலையில் மரங்களுக்கு நடுவே அந்தக் குளிர்ச்சியில் ஓட்டுகிற அனுபவத்துக்கு செஸ்நட் ஈடாகாது என்பது என் கருத்து.

பெரியவர்கள் இருவரும் போகட்டும். குழந்தையை மட்டும் பிறகு கூட்டிப் போங்கள்.

செம்மண் சக்கரம்

இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. ஆனால் எங்கே இறங்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். புக்கிட் தீமாவில் சில பாறைப் பகுதிகள் வளைவு முடிந்தவுடனே, அதுவும் இறக்கத்தில் வருகின்றன. கண்ணில் படும்போது முன்சக்கரம் ஏற்கெனவே அதன் மேல் இருக்கும். அந்த நொடியில் புதியவர் முன் பிரேக்கை முழுசாகப் பிடிப்பார், தலைகீழாகப் போவார். தோளில் கட்டுப் போட்ட படங்கள் அப்படித்தான் உருவாகின்றன.

முதல் தடவை போகிறவர்கள் பாதை தெரிந்த ஒருவர் பின்னால் போகட்டும். இல்லையென்றால் இறக்கம் தொடங்குகிற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு, நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வேகமாக ஓட்டுகிறவர்களும் புதுப் பாதையில் அதைத்தான் செய்கிறார்கள்.

ஈரவேர்

எல்லோரும் பாதையைப் பற்றியே பேசுகிறீர்கள், வானத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே.

நம் ஊரில் மழை பெய்தால் ஒவ்வொரு பாதையும் ஒரு படி மேலே போய்விடும். பச்சை நீலமாகும், நீலம் கறுப்பாகும். பலகையில் இருக்கும் குறி காய்ந்த தரைக்கு. மழைக்கு அடுத்த நாளும் புக்கிட் தீமா காய்ந்திருக்காது, மேலே மரக்கூரை அவ்வளவு அடர்த்தி. வெளியே தார்ச்சாலை கொதித்துக்கொண்டிருக்கும், உள்ளே வேர்கள் எண்ணெய் தடவியது மாதிரி பளபளக்கும்.

வேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே விழுகிறவர்களில் பெரும்பாலோர் பாறையில் விழுவதில்லை, வேரில்தான் விழுகிறார்கள். ஆயிரக்கணக்கான சக்கரங்கள் ஏறி ஏறிப் பட்டை தேய்ந்த வேரில் ஈரம் பட்டால் டயருக்குப் பிடிப்பே கிடையாது. பிடிப்பு இல்லாத இடத்தில் மூன்று காரியம் செய்யக்கூடாது. பிரேக் போடக்கூடாது, சைக்கிளைச் சாய்க்கக்கூடாது, திருப்பக்கூடாது. வேருக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, பிரேக்கை விட்டு, அதைக் குறுக்கே நேராக வெட்டிப் போக வேண்டும். பாதையோடு சேர்ந்து நீளவாக்கில் கிடக்கும் வேர்தான் மோசம், அது சக்கரத்தைத் தன் போக்கில் இழுத்துக்கொண்டு போகும். அதைக் கண்டால் சற்று முன்னதாகவே அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ முடிவு செய்துவிடுங்கள்.

செஸ்நட்டில் சிக்கல் வேறு. அங்கே செம்மண்ணும் சரளையும். தண்ணீர் சீக்கிரம் வடியும், ஆனால் காய்ந்த நாளில் கெட்டியான தரை மேல் உதிரிக் கற்கள் உருளும். வளைவில் முன்சக்கரம் சறுக்கும். அங்கேயும் அதேதான், வளைவுக்கு முன்னால் பிரேக், வளைவுக்குள் விட்டுவிட வேண்டும்.

இடி மின்னலை லேசாக எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி கேட்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் அதிகம். அந்த மாதங்களில் காலை 7 மணிக்குப் பாதை திறக்கும்போது நுழைந்து 10, 11 மணிக்குள் வெளியே வந்துவிடுவது நல்லது. கனமழைக்குப் பிறகு பாதையை மூடி வைத்திருந்தால் கயிற்றைத் தாண்டிப் போகாதீர்கள். ஊறிய மண்ணில் டயர் போட்ட பள்ளம் அடுத்த மழையில் ஓடையாகிவிடும், அதைச் சரிசெய்ய ஆட்கள் மண் சுமந்து வர வேண்டியிருக்கும்.

யீஷூன்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. மகளிடம் படித்துக் காட்டினேன், "பம்ப் டிராக்" என்றதும் கண் விரிந்தது.

இரண்டு கேள்வி. எங்களிடம் கார் இல்லை. மூன்று சைக்கிளையும் செஸ்நட் வரை எப்படிக் கொண்டுபோவது? அப்புறம் தம்பி உபின் தீவுக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அங்கே இரட்டைக் கறுப்பு வைரம் இருக்கிறதாமே. அவன் போகலாமா?

மேடேறி

எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் மடக்கும் சைக்கிளுக்கு மட்டும்தான் அனுமதி, மலை சைக்கிளை ஏற்றவிட மாட்டார்கள். யீஷூனிலிருந்து ஓட்டிக்கொண்டே வரலாம், பூங்கா இணைப்புப் பாதைகளைப் பிடித்து வந்தால் பெரும்பகுதி சாலையில் இறங்க வேண்டியதில்லை. சாலையில் இறங்குகிற இடத்தில் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். ஆனால் 12 வயதுப் பெண் அவ்வளவு தூரம் மிதித்து வந்தால் பாதையில் ஓட்டக் காலில் தெம்பு இருக்காது. திரும்பிப் போகவும் வேண்டுமே. முதல் சில தடவை வாடகைக்கு ஒரு வேன் பிடித்துவிடுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது, செஸ்நட் கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் வாடகைக்குக் கிடைத்து வந்தது, இப்போதும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மகளுக்கு மட்டும் அங்கே எடுத்துக்கொள்ளலாம். ஓட்டி முடித்துச் சேற்றைக் கழுவவும் அங்கே இடம் உண்டு.

செஸ்நட்டிலிருந்து செங்ஹுவா இயற்கைப் பூங்கா வழியாக டெய்ரி ஃபார்ம் வரை சைக்கிளில் வரலாம், அங்கிருந்து புக்கிட் தீமா பாதை. பின்னால் மூவரும் தேறியதும் இரண்டையும் சேர்த்து ஒரே நாளில் ஓட்டலாம். அது நல்ல நீளமான காலை.

சாங்கிக்காற்று

உபின் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மனதுக்கு மிக நெருக்கமான இடம்.

உபினில் உள்ள கெத்தாம் மலை சைக்கிள் பூங்காவை 2008-ல் திறந்தார்கள். கெத்தாம் குவாரியைச் சுற்றி 45 ஹெக்டேர். இங்கே சர்வதேசத் தரத்துக்கு அமைத்த முதல் மலை சைக்கிள் பூங்கா அதுதான். ஒரே பாதையாக இல்லாமல் கிளை கிளையாகப் பிரியும், ஒவ்வொரு பிரிவிலும் குறி இருக்கும். நீலத்தில் போய்க்கொண்டே இருக்கலாம், விரும்பினால் கறுப்புக்குப் பிரியலாம், மீண்டும் வந்து சேரலாம். யீஷூன்காரன் கேட்ட "மூன்று பேரும் சேர்ந்து" என்பதற்குச் சரியான இடம் என்றால் அது கெத்தாம்தான், செஸ்நட்கூட இதற்கு அப்புறம்தான். அப்பாவும் மகளும் ஒரு கிளையில், தம்பி இன்னொரு கிளையில், பத்து நிமிடத்தில் சந்தித்துக்கொள்ளலாம்.

சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து மோட்டார் படகு. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி, சைக்கிளுக்குத் தனியாக 2 வெள்ளி. சைக்கிளைப் படகில் ஏற்றும்போது படகுக்காரர் சொல்கிற இடத்தில் வையுங்கள், டிஸ்க் பிரேக் தட்டின் மேல் இன்னொரு சைக்கிள் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டு லேசாக வளைந்தால்கூட அன்று முழுக்கக் கிறீச்சென்று உரசிக்கொண்டே இருக்கும்.

தீவில் வாடகை சைக்கிள்கள் ஏராளம். கிராமத்துச் சாலையில் சுற்ற அவை நன்றாக இருக்கும். கெத்தாமின் கறுப்புக் கிளைகளுக்கு அவற்றை எடுத்துப் போக வேண்டாம். அங்கே ஓட்ட சொந்த சைக்கிள் வேண்டும், அல்லது எடுக்கும்போதே பிரேக், டயர், ஹேண்டில்பார் இறுக்கம் எல்லாம் பார்த்து எடுக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புக்கிட் தீமா மாதிரி நிழல் இல்லை, பல இடங்களில் புல்வெளியும் குட்டை மரங்களும்தான். பூங்காவுக்குள் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஆளுக்கு 2 லிட்டர் கொண்டுபோங்கள். வெயில் ஏறிய பிறகு நடக்கிற விபத்துகளில் பல, களைப்பில் கவனம் நழுவியதால் வருபவை. இன்னொன்று, அங்கே அடிபட்டால் உதவி வரக் கடலைத் தாண்ட வேண்டும். தனியாகப் போகக்கூடாது.

தம்பி இரட்டைக் கறுப்பு வைரத்துக்குப் போகலாமா? வலிமையால் தீர்கிற விஷயமாக இருந்தால் போகலாம் என்று சொல்லிவிடுவேன். அப்படியில்லை. முன்சக்கரம் முழங்கால் உயரப் பாறையிலிருந்து கீழே இறங்கும்போது எடையை எப்போது பின்னால் கொண்டுபோவது, எப்போது திரும்ப முன்னால் கொண்டுவருவது என்பது உடம்புக்கே தெரிந்திருக்க வேண்டும், யோசிக்க நேரமிருக்காது. நீலம் அலுத்துப்போகும்வரை ஓட்டட்டும். பிறகு கறுப்பு. அதில் ஒரே இடத்தை விரும்பியபடி பத்துத் தடவை, அதே கோட்டில், அதே வேகத்தில் இறங்க முடிந்தால் இரட்டைக் கறுப்பு. ஒரு தடவை தப்பித்து வந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

வேகத்தடை

தம்பிக்காக எழுதுகிறேன், நானும் அந்த வயதுக்காரன்தான்.

கென்ட் ரிட்ஜ் பாதையை யாரும் சொல்லவில்லையே? சின்னது, ஆனால் செங்குத்து, வேர் நிறைய. நுட்பம் பழக அருமையான இடம். ஒரே இறக்கத்தைத் திரும்பத் திரும்ப இறங்கலாம், மேலே தள்ளிக்கொண்டு வரலாம். மகளை அங்கே கூட்டிப்போக வேண்டாம்.

தம்பி முதலில் செய்ய வேண்டியது சீட்டை இறக்குவது. சாலையில் ஓட்டுகிற உயரத்திலேயே சீட்டை வைத்துக்கொண்டு இறக்கத்துக்குப் போனால் உடம்பைப் பின்னால் கொண்டுபோக இடமே இருக்காது. கையில் பொத்தானை அழுத்தினால் சீட் இறங்குகிற டிராப்பர் போஸ்ட் இருந்தால் வசதி. இல்லாவிட்டாலும் கவலையில்லை, இறக்கத்துக்கு முன்னால் நின்று கையாலேயே இறக்கிக்கொள்ளலாம். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், முட்டியும் முழங்கையும் வளைந்து, குதிகால் கீழே, கண் சக்கரத்துக்கு அடியில் இல்லாமல் நாலைந்து மீட்டர் முன்னால். பிரேக்குக்கு ஒரு விரல் போதும், மீதி விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்க.

இன்னொன்று கேட்க வேண்டும். ஒரு நண்பர் மின் மோட்டார் உள்ள மலை சைக்கிள் வாங்கலாமா என்கிறார். யாருக்காவது தெரியுமா?

மேடேறி

வாங்குவதற்கு முன்னால் விதிகளைப் படிக்கச் சொல்லுங்கள். இங்கே அனுமதிக்கப்பட்ட மின் சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் எடை இருக்கக்கூடாது, மோட்டார் 250 வாட்டுக்குள், உதவி 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிட வேண்டும், பதிவு செய்திருக்க வேண்டும், ஓட்டுபவருக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டில் விற்கும் மின் மலை சைக்கிள்களில் பெரும்பாலானவை எடையிலேயே தோற்றுவிடும்.

டெய்ரிஃபார்ம் நடைக்காரி

நான் சைக்கிள் ஓட்டுவதில்லை. ஆனால் இந்த மலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், வாரத்தில் பல நாள் நடக்கிறேன். நீங்கள் பேசும் பாதைகளை மறுபக்கத்திலிருந்து பார்க்கிறவள் என்பதால் எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

புக்கிட் தீமாவில் சைக்கிள் பாதையும் நடைபாதையும் குறுக்கே சந்திக்கும் இடங்கள் உண்டு. அங்கே மணியடித்துக்கொண்டே வேகம் குறையாமல் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மணி அடித்தால் வயதானவர்கள் ஒதுங்க மாட்டார்கள், திகைத்து அங்கேயே நின்றுவிடுவார்கள். தயவுசெய்து சந்திப்பில் முழுமையாக நின்று, பார்த்துப் போங்கள்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று. காட்டுக்குள் சிலர் தாங்களாகவே கிளைப்பாதை வெட்டுகிறார்கள். விழுந்த மரத்தை இழுத்துப் போட்டுத் தாவுமேடை கட்டுகிறார்கள். இந்தக் காடு எவ்வளவு சின்னது தெரியுமா? 1986-ல் புக்கிட் தீமா விரைவுச்சாலை வந்தபோது இது நடுவில் உள்ள பெரிய காட்டிலிருந்து துண்டாகிப்போனது. விலங்குகள் கடக்க வேண்டும் என்பதற்காகவே 2013-ல் சாலைக்கு மேல் 62 மீட்டர் நீளத்தில் மரம் செடி வைத்த பாலம் கட்டினார்கள், அதில் மனிதர்களுக்கு அனுமதியே இல்லை. எறும்புதின்னி போன்ற பிராணிகள் அந்த வழியாக வந்து போகின்றன. அப்படிப் பாடுபட்டு ஒட்டவைத்த காட்டில் ஒரு வாரக்கடைசியில் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து பாதை போட்டால் அந்த மண் அடுத்த மழையில் கரைந்து ஓடைக்குப் போகிறது, நாற்றுகள் போகின்றன. இந்த மலையின் சரிவுகளும் நடைபாதைகளும் அரித்துப்போனதால்தான் 2014 முதல் 2016 வரை பெரும்பகுதியை மூடிச் சீரமைத்தார்கள். அந்த இரண்டு வருடம் எவ்வளவு நீளமாக இருந்தது என்பது பக்கத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியும்.

இரவு ஓட்டமும் வேண்டாம். 7 மணிக்கு மேல் அந்த இடம் எறும்புதின்னிக்கும் ஆந்தைக்கும் உரியது.

குரங்குகளைப் பற்றிக் குழந்தையிடம் சொல்லி வையுங்கள். பிளாஸ்டிக் பை கையில் தொங்கினால் சாப்பாடு என்று நினைத்துப் பிடுங்க வரும். உணவு எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும், அங்கே பிரிக்க வேண்டாம். காட்டுப்பன்றி குட்டிகளோடு நின்றால் சைக்கிளை நிறுத்தி, அவை போகும்வரை காத்திருங்கள்.

ஈரவேர்

நன்றி அக்கா. இதை எல்லா இழைகளிலும் ஒட்டிவைக்க வேண்டும்.

அனுமதியில்லாத இடத்தில் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதம் என்று பலருக்குத் தெரியும், அதனால் எனக்குப் பெரிய ஆறுதல் இல்லை. நமக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய பாதைகள். தெம்பனிஸ் சைக்கிள் பூங்கா நினைவிருக்கிறதா? 2010 இளையர் ஒலிம்பிக்கின் மலை சைக்கிள் போட்டி நடந்த இடம். 2014-ல் வீடுகள் கட்டுவதற்காக மூடினார்கள். வீடுகள் வேண்டும்தான், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு மண்பாதை போனால் இன்னொன்று வருவதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இருக்கிற பாதையைக் கெடுக்கிறவர், பின்னால் வரப்போகும் பிள்ளைகளுக்குப் பாதை கேட்கும் உரிமையையும் சேர்த்தே கெடுக்கிறார்.

செம்மண் சக்கரம்

இந்த இழையில் இதுவரை யாரும் சொல்லாத ஒன்று, இரயில் பாதை வழித்தடம். பழைய மலாயா ரயில் ஓடிய வழி. 2011 ஜூலை 1-ல் நிலம் சிங்கப்பூருக்குத் திரும்பியது, தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். ரயில் ஓடிய இடம் என்பதால் சரிவே கிடையாது. மலை சைக்கிளுக்காரர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் தார்ச்சாலையை விட்டு முதன்முதலாகச் சரளையிலும் மண்ணிலும் டயரை வைக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. நடப்பவர்கள் நிறைய இருப்பார்கள், அதனால் மெதுவாக.

யீஷூன்காரன், மகளை முதலில் அங்கே ஒரு காலை ஓட்டவிடுங்கள். சரளையில் பின்சக்கரம் லேசாக நழுவும்போது பதறாமல் இருக்கப் பழகிவிட்டால் செஸ்நட்டில் பாதி வேலை முடிந்தது. மேல் புக்கிட் தீமா சாலைப் பக்கம் முருகன் கோவிலும் இருக்கிறது, வேண்டுமானால் கும்பிட்டுவிட்டே தொடங்கலாம்.

அவள் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிக்கிறாள் என்றீர்களே, முதலில் பிரேக் லீவரைப் பாருங்கள். பெரியவர் கைக்கு வைத்த தூரத்தில் இருக்கும். சின்னக் கை முழுசாக நீட்டிப் பிடிக்கும்போது மெதுவாக அழுத்த வராது, பிடித்தால் முழுப் பிடிதான். லீவரில் ஒரு சின்ன திருகாணி இருக்கும், அதைத் திருகினால் லீவர் ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் வரும். ஆள்காட்டி விரலின் முதல் கணு வசதியாக லீவரில் உட்காரும் வரை கொண்டுவாருங்கள். பல பிள்ளைகளின் பயம் இதிலேயே பாதி போய்விடும்.

யீஷூன்காரன்

திருகாணியைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாகிவிட்டது. வீட்டுக்குக் கீழே வெற்றிடத்தளத்துக்கு வெளியே ஓட்டிப் பார்த்தாள், "இப்பதான் பிரேக் நான் சொன்னதைக் கேக்குது" என்றாள்.

நாங்கள் முடிவு செய்தது: வரும் ஞாயிறு ரயில் வழித்தடம். மழை இல்லாவிட்டால் அதற்கடுத்த வாரம் செஸ்நட், பம்ப் டிராக்கும் தெற்கு வளையமும். தம்பி முணுமுணுக்கிறான், ஆனால் சாங்கிக்காற்று எழுதியதைப் படித்த பிறகு இரட்டைக் கறுப்பைப் பற்றிப் பேசுவதில்லை. கெத்தாமுக்குப் பள்ளி விடுமுறையில் மூவரும் போகிறோம். நடைக்காரி அக்கா சொன்னதை மகள் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. டயரில் காற்று எவ்வளவு வைப்பது? கடையில் 45 பிஎஸ்ஐ அடித்துக் கொடுத்தார்கள். உள்ளே டியூப் இருக்கிறது, டயர் 2.3 அங்குலம். நான் 72 கிலோ, மகள் 38.

ஈரவேர்

45 சாலைக்குச் சரி, காட்டுக்கு மிக அதிகம். அவ்வளவு காற்று இருந்தால் டயர் வேரின் மேல் பந்து மாதிரி துள்ளும், பிடிக்காது. டியூப் இருப்பதால் உங்களுக்குப் பின்னால் 30, முன்னால் 28-ல் தொடங்குங்கள். மகளுக்கு இரண்டிலும் 22 போதும். செஸ்நட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பாருங்கள். கல்லில் மோதும்போது சக்கரத்தின் ரிம் 'டங்' என்று அதில் தட்டினால் 2 ஏற்றுங்கள், வளைவில் வழுக்கினால் 2 இறக்குங்கள். கையடக்கப் பம்ப், மாற்று டியூப், டயர் கழற்றும் கரண்டி இரண்டு, மூன்றும் தம்பியின் பையில் இருக்கட்டும். அடிபட்டால் 995. அழைப்பதற்கு முன்னால் நீங்கள் நிற்கும் பாதையின் பெயரையும் கடைசியாகத் தாண்டிய பலகையையும் சொல்லத் தயாராக இருங்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.